பன்னிரண்டு மணி சிலிண்டர்

அப்பாவின் முகத்திலிருந்து மாஸ்க்கைக் கழற்றும்போதுதான் அவள் முள்ளைப் பார்த்தாள். சிலிண்டரின் தலையிலிருந்த வட்டக் கண்ணாடிக்குள் அது பூஜ்யத்தில் படுத்துக் கிடந்தது. பக்கத்தில், சுவரோரமாக, முழு சிலிண்டர். அதன் வாயில் நீல பிளாஸ்டிக் சீல் பிரிக்கப்படாமல் அப்படியே இருந்தது.

டாக்டர் சற்று முன்புதான் இறப்புச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். மாடிவீட்டம்மா போன் செய்து, அவள் சட்டை ஃபாக்டரியிலிருந்து ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்து முக்கால் மணி நேரம் ஆகவில்லை. முன்னறையில் தம்பி அந்த அம்மாளிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

"பன்னெண்டு மணிக்குத்தாங்க சிலிண்டரை மாத்தினேன். புதுசு. அப்புறம் ஒரு மணி நேரத்துல இப்படி ஆயிடுச்சு."

அவள் மாஸ்க்கும் கையுமாக நின்றாள். சாப்பாட்டு இடைவேளையில் அவளே போன் செய்து கேட்டிருந்தாள். "மாத்திட்டியாடா?" "மாத்திட்டேன்க்கா. சோப்புத் தண்ணி விட்டு லீக்கும் பார்த்துட்டேன்." குரல் தூக்கத்தில் குழறியது. பத்து நாளில் இன்றைக்குத்தான் பகலிலாவது சேர்ந்தாற்போல் கண்ணை மூடியிருக்கிறான் என்று அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அவன் பத்து நாளாகத் தூங்காததும் அவள் கைங்கரியம்தான். தம்பி வெல்டர். பதினைந்து வருஷமாகப் பட்டறையிலிருந்து வந்து, கஞ்சா பிடித்துவிட்டுப் படுப்பான். படுத்தால் கட்டை. யாரோடும் வம்பு தும்பு கிடையாது என்பதால் வீட்டிலும் கண்டுகொள்ளவில்லை. அப்பாவின் நுரையீரல் கைவிரித்து, வீட்டுக்குள் ஆக்சிஜன் வந்த அன்றுதான் அவள் கறாராகச் சொன்னாள்: "இந்த வீட்ல இனிமே தீக்குச்சி உரசக் கூடாது. அப்பா வேணுமா, அந்தப் பொட்டலம் வேணுமா?" அவன் பொட்டலத்தைக் கக்கூஸில் கொட்டித் தண்ணீரை இழுத்துவிட்டான். பட்டறையில் சிலிண்டர்களோடு மாரடிப்பவன் என்பதால் அப்பாவின் சிலிண்டரும் அவன் பொறுப்பானது.

அதன் பிறகு தூக்கம் அவனை அம்போவென்று விட்டுவிட்டுப் போனது. முதல் ஐந்து நாள் கண்ணில் பொட்டுத் தூக்கம் இல்லை. படுக்கை விரிப்பு பிழிகிற அளவுக்கு வியர்த்தது. சாப்பாட்டைக் கண்டால் குமட்டினான், சின்னச் சத்தத்துக்கும் எரிந்து விழுந்தான். "பழகின உடம்பு. ரெண்டு மூணு வாரம் இப்படித்தான் படுத்தும். இத்தனை வருஷமா வராத கனவெல்லாம் மொத்தமா வரும், பயப்படாதீங்க" என்றாள் கிளினிக் நர்ஸ்.

வந்தன. பத்து நிமிஷம் கண் அசந்தால் ஒரு முழு நாளை வாழ்ந்துவிட்டு எழுந்தான். அதிலும் பறப்பது, பாம்பு துரத்துவது எல்லாம் இல்லை, வெறும் அன்றாடப் பாடு. ஒருநாள் காலை முழுக்க அவளிடம் முகம் கொடுக்கவில்லை. கேட்டால், "நேத்து அந்தத் திட்டு திட்டினியே" என்றான். அவள் திட்டியது கனவில். பட்டறையில் போய், இன்னும் தொடவே தொடாத இரும்புக் கேட்டை "முடிச்சாச்சு முதலாளி, அனுப்பிடலாம்" என்றிருக்கிறான். அவர் "முதல்ல போய்த் தூங்குப்பா" என்று லீவு கொடுத்து அனுப்பிவிட்டார். அவள் வயிறு வலிக்கச் சிரித்தாள். அவனும் சேர்ந்து சிரித்தான்.

சிரித்திருக்கக் கூடாது. அவன் இப்போதும் பொய் சொல்லவில்லை. சிலிண்டரை மாற்றியிருக்கிறான், கனவில்.

"இன்னைக்கோ நாளைக்கோன்னுதானே இருந்தார்" என்று டாக்டர் சொன்னதை அவள் தனக்குள் இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்த்தாள். மனசில் ஒட்டவில்லை. அப்பாவின் வலது கை கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்திருந்தது. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, கையை எடுத்து வயிற்றின் மேல் வைத்தாள்.

பிறகு வாசலைப் பார்த்துக்கொண்டே முழு சிலிண்டரின் சீலைக் கிழித்து ஏப்ரன் பைக்குள் திணித்தாள். சிலிண்டர் ஏஜென்சிக்குப் போன் செய்தாள். ஆள் வந்ததும், "ரெண்டும் காலிதான், எடுத்துட்டுப் போயிடுங்க" என்று உருட்டிக்கொண்டு போகச் செய்தாள். அவனுக்குத் தெரியக் கூடாது, அவ்வளவுதான். அப்பா போய்விட்டார், இவனாவது மிஞ்சட்டும்.

இழவு வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே கேள்விதான். பட்டறை முதலாளியும் வந்ததும் வராததுமாக, "எப்படிப்பா ஆச்சு?" என்றார்.

"சிலிண்டரை மாத்தறப்ப நல்லாத்தான் இருந்தாரு முதலாளி. ஸ்பேனர் கட்டிலுக்கு அடியில உருண்டு போச்சு. குனிஞ்சு எடுத்து மாட்டினேன்."

"உன் கடமையில நீ குறை வைக்கல. மனசைத் தேத்திக்க."

தம்பியின் முகத்தில் ஒரு நிம்மதி பரவியது. சொல்லச் சொல்லக் கதை வளர்ந்துகொண்டே போகிறதே.

"போதும்டா. எதுக்கு அதையே பேசிக்கிட்டு?"

"கேக்கறாங்கல்லக்கா."

நாலு மணிக்குச் சித்தப்பா வந்தார். அப்பாவுக்கு ஒரே தம்பி, காது மந்தம். அண்ணனின் காலடியில் கொஞ்ச நேரம் அழுதுவிட்டு முன்னறைக்கு வந்து உட்கார்ந்தார். "கடைசியா அண்ணன் எப்படி இருந்தாரு? சத்தமா சொல்லுடா."

தம்பி உரக்க ஆரம்பித்தான். "பன்னெண்டு மணிக்குப் பழசைக் கழட்டினேன் சித்தப்பா. புதுசை நகர்த்தி வச்சேன். ரெகுலேட்டரை மாட்டறப்ப அது சாய்ஞ்சுது. அப்பாதான் எழுந்து வந்து பிடிச்சுக்கிட்டாரு. பார்த்துடா, கால்ல போட்டுக்காதேன்னு…"

நிறுத்திவிட்டான். நாலு மாதமாக அப்பா தானாக ஒருக்களித்துக்கூடப் படுத்ததில்லை.

"யாரு? யாரு பிடிச்சுக்கிட்டது?" சித்தப்பா காதை முன்னால் நீட்டினார்.

தம்பி உள்ளறையைப் பார்த்தான். கட்டிலைப் பார்த்தான்.

"நான்தான் சித்தப்பா," என்றாள் அவள், தேவைக்கு அதிகமான சத்தத்தில். "நான்தான் பிடிச்சேன். மறந்துட்டான். பத்து நாளாத் தூக்கம் இல்லையே, பாவம்."

"அதானே." சித்தப்பா தலையை ஆட்டினார். "ரெண்டு பிள்ளைங்களும் பக்கத்துலயே இருந்திருக்கீங்க. குடுத்து வச்சவர்."

வாசலில் வண்டி வந்து நின்றது. யாரோ கதவைத் திறந்து, எத்தனை பேர் தூக்க இருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். தம்பி எழவில்லை. பன்னிரண்டு மணிக்கு வீட்டிலேயே இல்லாத அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கையை நீட்டி, அவள் தோளில் ஒட்டியிருந்த ஃபாக்டரி நூல் ஒன்றை எடுத்தான். அதைக் கீழே போடாமல் ஆள்காட்டி விரலில் மெல்லச் சுற்றத் தொடங்கினான்.