தூக்கிக் கட்டிய வண்டி

பிக்கப் வண்டியின் பாடி ஒரு பக்கமாகத் தூக்கி நிற்கிறது, அதற்கும் கீழே கிடக்கும் சேசிஸ் சட்டத்துக்கும் நடுவே வெயில் ஒரு கோடாக விழுகிறது, அந்தக் கோட்டுக்குள் தண்டபாணியின் விரல்கள், கிரீஸ் அப்பிய விரல்கள், மாமனார் போட்ட மோதிரமும் அதில் ஒன்றில் இருக்கிறது, வண்டியை உயர்த்த இடையில் கொடுக்கும் நைலான் கட்டையை போல்ட் ஓட்டைக்கு நேராக நகர்த்துகின்றன, ஜாக்கியின் திருகு சாந்தாமணியின் கையில், இறக்கு புள்ள என்கிறான், இவள் இறக்கவில்லை, கை இருக்குதுங்க மாமா என்கிறாள். அட ஆமா என்று விரல்களை இழுத்துக்கொண்டு சிரித்தான், அவளும் சிரித்தாள், புருசனும் தானுமாக வாசலில் உட்கார்ந்து ஒரு வேலை செய்கிறோம் என்று அத்தனை சந்தோசம், பைத்தியக்காரி, கட்டை கட்டையாக எடுத்துக் கொடுத்தவளும் அவள்தான். கேட்காமலும் இல்லை, சந்தை வரைக்கும் தார் ரோடுதானுங்களே, எதுக்குங்க மாமா இத்தனை ஒசரம் என்றாள், பெரிய டயர் போடோணும், இப்ப எல்லாரும் இப்புடித்தான் தூக்கறாங்க, உனக்கென்ன தெரியும், பேசாம ஜாக்கியப் புடி. பிடித்தாள்.

அந்தப் பிக்கப் அவளோடு வந்தது, சரியாகச் சொன்னால் அவள் காலுக்காக வந்தது, சின்ன வயதில் காய்ச்சல் கண்டு சூம்பிப்போன இடது காலுக்கு எவன் வந்து தாலி கட்டுவான் என்று ஊரே கேட்டபோது, என்ற புள்ள நடக்கக் கூடாதுங்க மாப்ள, எங்க போனாலும் உங்க பக்கத்துல உக்காந்துதான் போவோணும் என்று சொல்லி சாவியைக் கொடுத்தவர் அவள் அப்பா, பட்டறையில் பக்கத்தில் நின்று ஒரு சாண் தாழ்வாக இரும்புப் படி ஒன்றும் அடித்து மாட்டினார், கோயில் வாசலில் மாலையோடு அவள் அந்தப் படியில் கால் வைக்கும் முன்பே தண்டபாணி இரண்டு கையாலும் தூக்கி சீட்டில் உட்கார வைக்கிறான், பசங்கள் விசில் அடிக்கிறார்கள், அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொள்கிறார், அப்புறம் முருங்கைக்காய் ஏற்றிப் போன சந்தை நாட்கள், மண்டி வாசம், அவள் இறங்குகிறாள், விலை பேசுகிறாள், தண்டபாணிக்குப் பேச வராது, அவள் பேசினால் கமிஷன்காரன் தலையைச் சொறிவான், அந்த மண்டியில்தான் எவனோ ஒருவன், நொண்டி வண்டி வந்திருச்சுடோய் என்று கத்தினான். அவள் சிரித்துவிட்டாள், பிறந்ததிலிருந்து கேட்ட பேச்சு அவளுக்கு அது, தண்டபாணி சிரிக்கவில்லை, வீடு வந்ததும் இறங்கி அந்தப் படியை ஓர் உதை உதைத்தான், அப்பா செத்து அப்போது ஒரு வருசம்கூட ஆகவில்லை. அப்பா இருந்திருந்தால் ஜாக்கியைத் தொட்டிருப்பானா.

டயரும் மாட்டியாயிற்று, வண்டி வாசலில் யானை கணக்காக நிற்கிறது, பக்கத்து வீட்டு மயில்சாமி கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கிறார், படி எங்கீங்க மாமா, அது இனி இதுக்கு ஒட்டாது, கழட்டி ஆட்டுப்பட்டியில போட்டுட்டேன், அப்பறம் நான் எப்புடிங்க, ஏறு பாக்கலாம் என்றான். விளையாட்டுக்குச் சொல்கிறான் என்றே நினைத்தாள், தூக்கிவிடுவான் என்றே நினைத்தாள், கதவைப் பிடித்து நல்ல காலை எம்பி வைத்தாள், சூம்பிய கால் தாங்கவில்லை, மல்லாந்து விழுந்தாள், சேலை விலகிக் கிடந்தது, மயில்சாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஏறத் தெரியாதவ வூட்டுலயே கெட, உன்னை எறக்கி ஏத்தறதுக்கா நான் வண்டி ஓட்டறேன் என்று மயில்சாமிக்குக் கேட்கிற மாதிரியே சொன்னான், சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான், புழுதி அவள் வாயில் விழுந்தது, அப்பா கொடுத்த வண்டி.

அதற்குப் பிறகு தினமும் மத்தியானம் சோறு தின்றுவிட்டுக் கண்ணை மூடினால் அந்த வெயில் கோடு வருகிறது, விரல்கள் வருகின்றன, இறக்கு புள்ள என்கிறான், கை இருக்குதுங்க மாமா என்று சொல்ல வாயைத் திறக்கிறாள், புழுதிதான் வருகிறது, சத்தம் வரவில்லை, விழித்துப் பார்த்தால் உள்ளங்கை வலிக்கிறது, இல்லாத திருகை அப்படி இறுக்கிப் பிடித்திருக்கிறாள். இன்றைக்கும் கண் சொக்குகிறது, ஹாரன் சத்தம், கனவிலா வாசலிலா, புள்ள, ஏ புள்ள, கட்டை ஒண்ணு நகந்துக்கிச்சு, கடகடன்னு அடிக்குது, வந்து ஜாக்கியப் புடி. போகிறாள், காலை இழுத்துக்கொண்டு போய் உட்காருகிறாள், அவள் சீட்டு இருந்த பக்கம்தான், பாடி எழும்புகிறது, கோடு திறக்கிறது, வெயில் விழுகிறது, விரல்கள் உள்ளே போகின்றன, கட்டையைத் தள்ளுகின்றன, மோதிரம் மின்னுகிறது, இறக்கு புள்ள என்கிறான். திருகு சுடுகிறது, கனவில் சுட்டதில்லை, இது வாசல்தான், திருகினாள், கோடு மெலிகிறது, மெலிகிறது, வெயில் அணைகிறது, தண்டபாணி அவளை நிமிர்ந்து பார்க்கிறான், இன்னும் கத்தவில்லை, சாந்தாமணி திருகிலிருந்து கையை எடுத்துச் சேலையில் துடைத்துக்கொண்டு, கைய எடுங்க பாக்கலாம் மாமா என்றாள்.