சொல்தா கிளமானின் குதிரைக் கணக்கு

முதல் தடவை வந்தபோது வெற்றிவேல் கிளமானை அறைந்திருக்க அவசியமே இல்லை. பந்தயத்தில் ஜெயிக்கும் குதிரையைத் தேர்ந்தெடுக்கும் கணக்கைச் சும்மா கேட்டிருந்தாலே போதும், அவர் உட்காரவைத்துக் காப்பியும் கொடுத்துச் சொல்லியிருப்பார். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்துப் பென்ஷனோடு மூலக்குளத்தில் வீடு கட்டி வந்த சொல்தா அவர். மனைவி மர்த் மகளோடு லியோனிலேயே தங்கிவிட்டாள். அந்தக் கணக்கைக் கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்துப் போனதும் ஒரு காரணம்.

வயசுக் காலத்தில் அவரும் பெயர் பிடித்ததென்றும் கனவில் வந்ததென்றும் குதிரைமீது பணம் கட்டித் தோற்ற ஆள்தான். பட்ட பிறகுதான் புத்தி வந்தது. குதிரை கடைசியாக ஓடிய இரண்டு பந்தயத்திலும் முதல் மூன்று இடத்துக்குள் வந்திருக்க வேண்டும். இன்றைக்கு ஓடும் தூரமும் அதே தூரமாக இருக்க வேண்டும். இரண்டு குதிரை தேறினால் அந்தப் பந்தயத்தைத் தொடவே கூடாது. அவ்வளவுதான் கணக்கு. பிரான்சில் நடக்கும் பந்தயங்களில் போன் வழியாகக் கட்டி அவருக்கு ஏதோ கைக்கு வந்துகொண்டிருந்தது. ஊர் வாய் அதை லட்சமாக்கிவிட்டது.

வெற்றிவேல் வைத்திக்குப்பத்து மீனவன். பெங்களூர்க் குதிரைமீது கட்டிக் கட்டிக் கரைந்து போனவன். மூலக்குளத்தில் மீன் விற்கப் போகும் மனைவி சரிதா சொல்லித்தான் அவனுக்கு கிளமானைத் தெரியும். அவன் விட்ட அறையில் கிழவரின் உதடு கிழிந்தது. அதைத் துடைத்துக்கொண்டே அவர் பாடம் நடத்தினார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

“குதிரை பேருக்குப் பக்கத்துல வரிசையா அஞ்சு நம்பர் இருக்கும்டா. ஒவ்வொரு ரேஸ்லயும் எத்தனாவதா வந்துச்சுன்னு அர்த்தம். இடது ஓரத்து ரெண்டு நம்பரப் பாரு. அதான் கடைசியா ஓடுனது.”

அடுத்த ஞாயிறு மத்தியானம் வெற்றிவேல் கதவை உதைத்துக்கொண்டு வந்தான். கையில் மீன் வெட்டும் கத்தி. பின்னாலேயே சரிதா மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

“என் போட்டு போச்சுடா கிழவா! உன் கணக்க நம்பி இன்ஜினோட அடகு வச்சுக் கட்டுனேன். இப்பத்தான் ஓடி முடிஞ்சுது. பொய்யி சொல்லிட்டியே!”

நாற்காலியோடு கிளமானைத் தள்ளி, விழுந்தவரை விலாவில் உதைத்தான். எலும்பு முறிந்த சத்தம் சரிதாவுக்கே கேட்டது. அவன் அதோடு விடவில்லை. முடியைப் பிடித்துத் தூக்கி, பந்தயத் தாளை மேசையில் போட்டு, அவர் முகத்தை அதன்மேல் வைத்துத் தேய்த்தான்.

மூக்கிலிருந்து ரத்தம் சொட்டச் சொட்ட கிளமான் அந்தத் தாளைப் படித்தார். பிரெஞ்சுத் தாளில் கடைசி ஓட்டம் இடது ஓரத்தில் இருக்கும். இதுவோ பெங்களூர்த் தாள், இங்கிலீஷ்காரன் பழக்கம். பழையது இடதில், புதியது வலது ஓரத்தில். பிரெஞ்சுத் தாளையே பார்த்துக் கிழமான மனிதருக்கு இப்படியும் ஒன்று உண்டென்று தோன்றவே இல்லை. வெற்றிவேல் படகை வைத்துக் கட்டியது எப்போதோ ஜெயித்துவிட்டு, இப்போதெல்லாம் கடைசியில் வரும் குதிரைமீது.

“எதுடா ஜெயிச்சுது?” என்றார்.

“ஏழு. அதுக்கு இன்னா இப்ப?”

ஏழாம் நம்பர் குதிரைக்கு வலது ஓரத்து இரண்டு நம்பருமே ஒன்று, இரண்டிலும் முதலிடம். தூரமும் அதே தூரம். வேறெதுவும் தேறவில்லை. கணக்கு பலித்திருக்கிறது! விலா முறிந்து கிடக்கும் நேரத்தில் மனுஷனுக்கு நெஞ்சு பூரித்தது. வெட்கங்கெட்ட பூரிப்பு.

சரிதா அவர் காலைப் பிடித்துக்கொண்டு, சொல்தாக்களைக் கூப்பிடும் பிரெஞ்சு மரியாதையில் கெஞ்சினாள். “மிசே, குதிர ஓடறது யார் கையில இருக்குது? கணக்கெல்லாம் சும்மா, எல்லாம் நேரம்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க. நான் இவரக் கூட்டினு போயிடறேன்.”

வெற்றிவேலின் கத்தி தாழ்ந்தது. கண் கலங்கிவிட்டது. “அப்படியா மிசே? எல்லாம் நேரந்தானா?”

ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் தப்பித்திருப்பார். ஆனால் மர்த் சிரித்த கணக்கு அது, ஒருத்தரும் மதிக்காத கணக்கு. அதைப் பொய்யென்று தன் வாயால் சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை.

“நேரமாவது மண்ணாவது! கணக்கு சரிடா. நான்தான் ஓரத்த மாத்திச் சொல்லிட்டேன். வலது பக்கம் பாத்திருந்தா ஏழுதான் வந்திருக்கும். இதோ பாரு!” என்று தாளில் விரலை ஊன்றினார்.

கத்தி அங்கேயே இறங்கியது. இரண்டு விரல்கள் மேசையில் கிடந்தன. கிளமான் அலறிக்கொண்டு தரையில் சரிந்தார். சரிதா முந்தானையைச் சுருட்டி அவர் கையில் வைத்து அழுத்திக்கொண்டு, “ஆம்புலன்சுக்குப் போன் போடுய்யா!” என்று கத்தினாள்.

வெற்றிவேல் போனை எடுத்தான், நம்பரைப் போடவில்லை. கூடவே தாளையும் எடுத்து ரத்தத்தைச் சட்டையில் துடைத்தான். வலது ஓரத்தில் விரலை வைத்து மேலிருந்து கீழே ஓட்டிக்கொண்டு வந்தவன், கிளமானின் பக்கத்தில் குந்தினான்.

“மிசே, இன்னும் ஒரு ரேஸ் பாக்கி இருக்குது. இதுல எது?” அவன் குரலில் கோபம் போய் மரியாதை வந்திருந்தது.

கிளமானுக்கு முகம் வெளுத்துப் பல் கிட்டிக்கொண்டிருந்தது. இருந்தாலும் தலையைத் திருப்பிப் பார்த்தார். நிதானமாகவே பார்த்தார்.

“நாலு,” என்றார். “நாலு மட்டுந்தான் தேறுது.”

“நாலா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க.”

சரிதா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அவர் கையை விட்டுவிட்டு எழுந்து, முந்தானையை உதறிக்கொண்டு வெளியே போனாள்.