மழை விடும் பத்து நாள்

விடுதி அறையின் கூரையிலிருந்து ஒரு சொட்டு மனைவியின் முழங்கால்மேல் விழுந்தது. கணவர் பார்க்காததுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். முப்பது வருஷமாக ஊரார் மொட்டை மாடிகளில் ஒழுகலை அடைத்தே பிழைப்பவர். வெயில் காலம் முழுக்க வேலை. மழை வந்துவிட்டால் ‘அண்ணே, கூடத்துல சொட்டுது’ என்று ஃபோன்மேல் ஃபோன். கல்யாணமான புதிதில், கடலுக்கு நடுவே இருக்கும் தீவுக்குப் படகில் கூட்டிப்போகிறேன் என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். இப்போது அவளுக்கு மூட்டு ஆபரேஷன் தேதி வந்துவிட்டது. அதற்குள் தீவைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று ஒரே பிடிவாதம். அப்புறம் கால் எப்படி இருக்குமோ, யார் கண்டது?

நாள் குறித்தது அவர்தான். மழையைப் பற்றிப் பிறத்தியாரைக் கேட்கிற ஆளா அவர்? ஒழுகல் புகார்களைக் குறித்துவைக்கும் பழைய நோட்டுகளைத் தரையில் பரப்பிப் புரட்டினார். மழைக்காலத்துக்கு நடுவில் ஒரு பத்து நாள், எந்த வருஷத்திலும் ஒரு புகார்கூட இல்லை. “பத்து நாள் மழை விடுது. வானிலைக்காரனுக்கே தெரியாத விஷயம்” என்று மீசையைத் தடவிக்கொண்டார். வந்து இறங்கினால் வானம் பொத்துக்கொண்டு ஊற்றுகிறது. படகுத்துறைக்குப் பூட்டு. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். மூன்று நாள் போய்விட்டது; நாளைக் காலையில் ரயில்.

“அந்தப் பத்து நாளும் பள்ளிக்கூட லீவுங்க” என்றாள் அவள், முழங்காலைத் துடைத்தபடி. “எல்லாரும் வீட்டப் பூட்டிட்டு ஊருக்குப் போயிடுறாங்க. ஒழுகுதுன்னு சொல்ல வீட்ல யாரு இருக்கா?”

அவருக்கு முகம் தொங்கிப்போயிற்று. அவளோ கண்ணில் நீர் வரச் சிரித்தாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு. இருப்புக்கொள்ளாமல், எங்கே போனாலும் கூடவே கொண்டுபோகும் வேலைப் பையிலிருந்த நீலத் தார்ப்பாயைத் தலையில் போர்த்திக்கொண்டு மாடிக்குப் போனார். மனசு சரியில்லாதவன் செய்கிற காரியமா இது? அவருக்குத் தெரிந்தது அதுதான். தண்ணீர்த் தொட்டியின் ஓரமாக விரிசல் ஓடியிருந்தது. பழக்க தோஷத்தில் குதிகாலை வைத்து அழுத்தியபடி நிமிர்ந்தவர் அப்படியே நின்றுவிட்டார். பிறகு படிகளில் தடதடவென்று இறங்கினார்.

“முதுகுல ஏறு.”

“என்னங்க இது, இந்த வயசுல?”

“சிமெண்ட் மூட்டை தூக்கின முதுகு. ஏறு.”

“அப்ப நான் மூட்டையா?”

“மூட்டை இவ்வளவு பேசாது.”

இருபத்திரண்டு படி. ஒவ்வொரு படிக்கும் அவருக்கு மூச்சு வாங்கியது. அவள் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு எண்ணிக்கொண்டே வந்தாள். தொட்டித் திட்டில் அவளை உட்காரவைத்துத் தார்ப்பாயை இருவர் தலைக்கும் இழுத்துவிட்டார். மழை சற்று மெலிந்திருந்தது. தூரத்தில், கடல் முடிகிற இடத்தில், கறுப்பாக ஒரு மேடு தெரிந்தது.

அவள் கையைக் கண்ணுக்குமேல் வைத்துத் தீவையே பார்த்தாள். பிறகு கீழே பார்த்து, “கால எடுங்க. இது நம்ம வேலை இல்ல” என்றாள்.

அப்போதுதான் குனிந்து பார்த்தார். அவருடைய குதிகால் மறுபடியும் விரிசலின்மேல் இருந்தது.