கிரேஸ் ஏறெடுத்த நீண்ட ஜெபம்

வால்டர் என்கிற வெள்ளைக்காரர் கவரைப்பேட்டை ஜெபவீட்டில் வந்து இறங்கியதிலிருந்து பாஸ்டர் சாலமோனுக்குக் கால் தரையில் பாவவில்லை. எந்த நாடு, என்ன வேலை, எந்தச் சபை என்று ஒருவரும் கேட்கவில்லை. உள்ளூர்ப் பையன் பெண் பார்க்க வந்தால் பத்து வீட்டில் விசாரிக்கிற ஊர்தான் அது. ஆனால் தோல் வெள்ளையாக இருந்தால் விசாரிப்பது மரியாதைக் குறைவு.

மனிதர் வந்தது டூரிஸ்ட் விசாவில். தங்கியிருந்தது மாமல்லபுரத்தில் கடலைப் பார்த்த ஓட்டலில். கடலில் குளித்த நேரம் போக மிச்சமிருந்த நேரத்தில் ஊழியம் செய்தார். ஊழியம் என்றால் சாக்லேட் கொடுத்துப் பிள்ளைகளைப் போட்டோ எடுப்பது. ஜெபவீட்டின் சிமென்ட் ஷீட் கூரையைப் பிரித்துவிட்டுக் கான்கிரீட் போட்டுத் தருகிறேன் என்று அவர் சொன்ன நாள் முதல், பாஸ்டர் கூரையையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துப் பரவசப்பட்டார்.

கிரேஸுக்கு மட்டும் பரவசம் வரவில்லை. கும்மிடிப்பூண்டி கம்பெனியொன்றில் பேக்கிங் வேலை பார்க்கிறவள், ஞாயிறு பள்ளி டீச்சர். பெட்டியில் சரக்கு சரியாக இருக்கிறதா என்று பார்த்தே பழகிய கண். அந்த மனிதரின் அன்பு, பகலில் வீட்டில் ஆளில்லாத பெண் பிள்ளைகளாகப் பார்த்துத்தான் பொழிந்தது. அதிலும் மோனிகா மேல் அடைமழை. பதினோரு வயது, தாயில்லாத பிள்ளை. அப்பன் லோகு இரும்பு கம்பெனியில் ஷிஃப்ட் மாற்றி ஷிஃப்ட் நிற்கிறவன்.

சனிக்கிழமை மாலை மோனிகா ஒரு புது போனைப் பெருமையாகக் காட்டினாள்.

"அங்கிள் குடுத்தாரு டீச்சர். யாருக்கும் சொல்லக்கூடாதாம். அப்பாவுக்கும் சொல்லக்கூடாதாம். நாளைக்கு அவுரு ஓட்டலுக்குப் போறேனே, அங்க நாலு நாள் இங்கிலீஷ் கத்துக் குடுக்கப் போறாரு."

அதில் வந்திருந்த செய்திகளை கிரேஸ் படித்தாள். தமிழில்தான் இருந்தன, இந்தக் காலத்தில் போனே மொழிபெயர்த்துத் தருகிறதே. படித்ததும் அழித்துவிடு என்று ஒவ்வொன்றின் கடைசியிலும் இருந்தது. பிள்ளைக்கு அழிக்கத் தெரியவில்லை. கிரேஸ் போனை வாங்கிக்கொண்டு நேரே பாஸ்டர் வீட்டுக்குப் போனாள்.

பாஸ்டர் போனைக் கையால்கூடத் தொடவில்லை. "சிஸ்டர், தேவ மனுஷன் மேல சந்தேகப்படுறது பிசாசோட தந்திரம். லோகுவே சம்மதிச்சுட்டாரு. உங்களுக்கு மனசுல பாரம் இருந்தா ஜெபம் பண்ணுங்க."

செயலாளர் மோசஸும் பக்கத்தில்தான் இருந்தார். "அவுங்க ஊர்ல இதெல்லாம் சகஜம் சிஸ்டர்," என்றார். பக்கத்து ஆரணியைத் தாண்டி எந்த ஊரையும் பார்க்காதவர்.

கிரேஸ் வெளியே வந்து 1098-க்கு போன் போட்டாள். பிள்ளைகளுக்கான உதவி எண் அது, பள்ளிக்கூடச் சுவரில் எழுதியிருப்பார்கள். எடுத்த பெண் தமிழ்செல்வி பொறுமையாகக் கேட்டாள். காலையில் போலீசோடு வருகிறோம், அதுவரை பிள்ளையை அனுப்பாதீர்கள் என்றாள். லோகுவுக்கும் போட்டாள், எடுக்கவில்லை. அவனுடையது ஷிஃப்டுக்குப் போனால் கம்பெனி கேட்டில் வாங்கி வைக்கப்படுகிற போன்.

ஞாயிறு ஆராதனை முடியப்போகிறது, தமிழ்செல்வி வரவில்லை. ரயில்வே கேட்டில் மாட்டியிருப்பதாகச் செய்தி வந்தது. வாசலில் கார் தயார். மோனிகாவின் பை டிக்கியில். ஷிஃப்ட் முடிந்து அப்படியே வந்த லோகு, கிரேஸ் போகக்கூடாத ஆண்கள் பக்கத்தில் தூங்கி வழிந்தான். நடுவில் வால்டர், தோளில் சால்வை.

அப்போது பாஸ்டருக்கு ஒரு யோசனை உதித்தது. சபை முன் ஒரு கௌரவம் கொடுத்து இவள் வாயை அடைக்க இதைவிட நல்ல வழி இல்லை என்று நினைத்திருப்பார். "நம் விருந்தினருடைய பிரயாணத்துக்காக சிஸ்டர் கிரேஸ் ஜெபிப்பார்கள்," என்றார்.

பெண்பிள்ளை சபையில் எழுந்து பேசினால் அடங்காதவள். அதையே கண்ணை மூடிக்கொண்டு பேசினால் ஜெபவீராங்கனை. ஜெபத்தை நடுவில் நிறுத்த அந்தச் சபையில் யாருக்கும் துணிச்சல் கிடையாது, பாஸ்டர் உட்பட. கிரேஸ் முழங்கால் போட்டாள்.

முதலில் தேசத்துக்காக ஜெபித்தாள். அப்புறம் முதல்வர், மந்திரிகள், கலெக்டர். சிப்காட்டின் ஒவ்வொரு கம்பெனிக்காகவும் ஜெபித்தாள், கேட் சீக்கிரம் திறக்கும்படி ரயில்வேக்காகவும் ஜெபித்தாள். நிறுத்தம் வந்த இடத்திலெல்லாம் சபை பழக்கத்தில் "ஆமென்" போட்டது. காது கேட்டுப் போடுகிற ஆமென் இல்லை அது.

"ஆண்டவரே, வெளிநாட்டுலருந்து வந்த இந்த மனுஷனைப் பாருமப்பா."

"ஆமென்."

"மோனிகாவுக்குத் திருட்டுத்தனமா போன் குடுத்தாரே, அப்பன்கிட்டகூட சொல்லாதேன்னாரே, அதைப் பாருமப்பா."

"ஆமென்," என்றார்கள், பாதிப்பேர்.

சபைத் தமிழ் அவளை விட்டுப் போய்விட்டது. "பச்சப்புள்ளைக்கு எழுதற எழுத்தா ஆண்டவரே அது? தனியா ஓட்டல் ரூமுக்குக் கூட்டினு போக வண்டியோட வந்து குந்திகினு இருக்கான். சின்னப்புள்ளைங்களைக் கெடுக்கறவன் கழுத்துல ஏந்திரக்கல்லைக் கட்டி கடல்ல போடணும்னு நீர் சொன்னீரே. நாங்க சால்வை போட்டு வெச்சிருக்கறோம். ஒரு கூரைக்கு ஆசைப்பட்டு எங்க புள்ளையவே குடுக்கப் போறோம். எங்களை மன்னியுமப்பா."

இந்த முறை ஒரே ஒருவர்தான் ஆமென் சொன்னார். தமிழ் தெரியாத வால்டர், கைகளை உயர்த்தி, கம்பீரமாக, "ஆமென்" என்றார். அந்த ஒரு சொல் எல்லா ஊரிலும் ஒன்றுதானே.

லோகு கண்ணைத் திறந்தான். எழுந்து வெளியே போனான். டிக்கி திறக்கிற சத்தம் கேட்டது. பையை ஒரு கையில் தூக்கிக்கொண்டு திரும்பி வந்து, பெண்கள் பக்கம் போகக்கூடாது என்ற சட்டத்தை மிதித்து நடந்து, மகளை இன்னொரு கையால் இழுத்து அணைத்துக்கொண்டான்.

கிரேஸ் கண்ணைத் திறக்கவில்லை. அடுத்து ஆந்திர எல்லைக்காக ஜெபிக்கத் தொடங்கியபோது வாசலில் ஜீப் வந்து நின்றது. தமிழ்செல்வி போலீசோடு உள்ளே வந்தாள். கிரேஸ் எழுந்து மோனிகாவின் அந்தப் போனை அவள் கையில் கொடுத்தாள். சால்வையோடு ஜீப்பில் ஏறிய முதல் விருந்தினர் வால்டராகத்தான் இருக்கும்.

ஜீப் போன பிறகு பாஸ்டர், வேர்த்துப்போன முகத்தோடு கிரேஸிடம் வந்தார்.

"சிஸ்டர், இவ்வளவு பெரிய விஷயம். என்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

"சொன்னேனே பாஸ்டர்," என்றாள் கிரேஸ். "நீங்கதான் ஜெபம் பண்ணச் சொன்னீங்க."