இரண்டு விரல் தாழ்ந்த வண்டி

வண்டி வாங்கப் போனது நான். ஷோரூம்காரர் பேசியதெல்லாம் என் வீட்டுக்காரரிடம்.

"மேடத்துக்கு ஸ்கூட்டர் காட்டட்டுமா சார்?"

சார் மருந்துக்கடை வைத்திருப்பவர். ஸ்கூட்டரைத் தவிர வேறெதையும் ஓட்டியதில்லை. கிளட்ச் எந்தக் கையில் இருக்கும் என்று கேட்டால் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வார். ஆனாலும் தலையை ஒரு மாதிரி ஆட்டிக்கொண்டு, எல்லாம் தெரிந்தவர் போல என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கே அன்று ஒரு சண்டை போட்டிருக்க வேண்டும். நல்ல நாளில் எதற்கு என்று விட்டுவிட்டேன்.

எனக்கு வேண்டியது என்ன என்பது எனக்குத் தெளிவாகத் தெரியும். என் அண்ணனிடம் ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் பைக் இருக்கிறது. குனிந்து படுத்தபடி ஓட்டுகிற ரகம். ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் முறுக்கினாலே ஆளைத் தூக்கிக்கொண்டு பாயும். அண்ணன் எடுத்த எடுப்பிலேயே அதை வாங்கி, எடுத்த எடுப்பிலேயே விழுந்து, அதன்பிறகு அதை ஓட்டியதைவிடத் துடைத்ததுதான் அதிகம். "நீ முதல்ல ஒரு சின்ன வண்டிய ஒழுங்கா ஓட்டிக் காட்டு. அப்புறம் இது உனக்குத்தான்" என்று சொல்லியிருந்தான். அவன் சொல்லாவிட்டாலும் நான் சின்ன வண்டியில்தான் ஆரம்பித்திருப்பேன். பவர் குறைவு, எடை குறைவு, நிமிர்ந்து உட்காரலாம், தப்புச் செய்தால் மன்னிக்கும். தப்புச் செய்துதானே எதையும் கற்க முடியும்.

அதனால் ஒரு நீல வண்டியைக் காட்டி, இதுதான் என்றேன். ஏறி உட்கார்ந்தேன். இரண்டு காலும் நுனிவிரலில்தான் நின்றன.

"சீட்டு உயரத்தை இறக்கித் தரலாம் சார், ஒரு நாள் வேலைதான்" என்றார் ஷோரூம்காரர், மறுபடியும் சாரிடம்.

"வேண்டாம்" என்றேன், இந்த முறை எல்லார் காதிலும் விழும்படி. "நாளைக்கு நான் ஏறப்போற வண்டி இதைவிட உயரம். நுனிக்கால்ல நிக்கப் பழகுறதுக்குத்தான் இதை வாங்குறேன். ஒரு திருகாணியக்கூடத் தொடாதீங்க."

சார் ஷோரூம்காரரின் கார்டை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

நம்பர் பிளேட் வரவில்லை என்று சொல்லி வண்டி இரண்டு நாள் தாமதமாகத்தான் கைக்கு வந்தது. ஏறி உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் பதிந்து நின்றன. காலில் புது பூட்ஸ். அடி கனமான பூட்ஸ். அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன். என்ன சொல்வது, அன்றைக்கு அந்தப் பூட்ஸை நினைத்துப் பெருமைகூடப் பட்டேன்.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் கேவலம். வண்டி நிறுத்துமிடத்தில் சைடு ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டு மாடிப்படி ஏறுவதற்குள் பின்னால் தடால் என்று சத்தம். வண்டி மறுபக்கமாகச் சாய்ந்து கிடந்தது. சைடு கண்ணாடி நொறுங்கிவிட்டது. பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "ஸ்டாண்டு போடுறதுக்கும் ஒரு பழக்கம் வேணும்மா" என்றார். மேல்மாடிப் பெரியவர் இன்னொரு நாள் என்னைப் படிக்கட்டில் மறித்து, வேலை முடிந்து நான் திரும்பும்போதெல்லாம் என் வண்டி வெளிச்சம் நேராக அவர் படுக்கையறைக்குள் அடிக்கிறது என்று சண்டைக்கு வந்தார். வெளிச்சம் ரோட்டில்தானே விழும், இவருக்கு ஏன் இந்த வேண்டாத வேலை என்று நினைத்துக்கொண்டேன். ஹேண்டிலோ, திருப்பினால் திரும்ப மனசில்லாமல் திரும்பியது. இடது பக்கம் கொஞ்சம் சாய்த்தாலே கீழே எதுவோ கரகரவென்று தரையை உரசும். பயிற்சி வீடியோக்களைப் பார்த்தேன். தோளைத் தளர்த்து, பார்வையைத் தூரத்தில் வை, முழங்காலால் டேங்கைப் பிடி. எல்லாம் செய்தேன். உரசியது.

கடைசியில் ரவுண்டானாவில் விழுந்தேன். இடது பக்கம் சாய்ந்தபோது அந்தக் கரகரப்பு டக்கென்று ஒரு தட்டாக மாறியது. பின்சக்கரம் தரையை விட்டது. நான் ஒரு பக்கமும் வண்டி ஒரு பக்கமுமாகச் சறுக்கிப் போனோம். பின்னால் வந்த வேன்காரர் பிரேக் போட்டதால் இன்று இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். முழங்காலில் தோல் இல்லை, முழங்கையில் தையல்.

வீட்டுக்காரர் மருந்துக்கடையிலிருந்து பஞ்சும் களிம்பும் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்து துடைத்துவிட்டார். ரொம்பப் பக்குவமாகத்தான் துடைத்தார்.

"விடு. எல்லாருக்கும் எல்லாமும் வராது" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. வலியால் அல்ல, அவர் சொன்னதை நானும் நம்பியதால். "சாரிங்க. உங்களையும் பயமுறுத்திட்டேன். எனக்கு வரல போல" என்றேன்.

"பரவாயில்ல" என்றார் அவர். தலையைத் தடவிக்கொடுத்தார்.

இந்த இடத்தை நன்றாக ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் மறக்கப்போவதில்லை.

மறுநாள் அண்ணன் போன் பண்ணினான். அவனுக்குச் செய்தி போயிருந்தது. யார் சொல்லியிருப்பார் என்று தனியாகச் சொல்ல வேண்டாம். "சின்னதுலயே விழுறவள பெரியதுல ஏத்திவிட்டு நான் நிம்மதியா இருக்க முடியுமா? சிவப்பு வண்டியக் கேட்டு ஒருத்தர் ஞாயித்துக்கிழமை வர்றார். கொடுத்துடுறேன். கோவிச்சுக்காதே" என்றான்.

கோபித்துக்கொள்ள எனக்கு என்ன உரிமை இருக்கிறது என்றுதான் அப்போது தோன்றியது. "சரிண்ணா" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

எனக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்தித் தருவேன். "கண்ணு இன்னும் மோசமாயிடுச்சு போலிருக்கு" என்று முகம் தொங்கிப்போய் வருகிற பாதிப்பேருக்குக் கண்ணில் ஒன்றும் இருக்காது. ஃபிரேம் கோணியிருக்கும், அவ்வளவுதான். நிமிர்த்திக் கொடுத்தால் சிரித்துக்கொண்டு போவார்கள். தினமும் இதைச் செய்கிற எனக்கு என் விஷயத்தில் புத்தி வேலை செய்யவில்லை.

எங்கள் கடைக்கு லென்ஸ் பார்சல் கொண்டுவரும் கூரியர்காரம்மா அந்த வாரம் புது வண்டியில் வந்தார். என் வண்டியேதான். அதே நீலம். என்னைவிட அரைச்சாண் குள்ளமான அம்மா அவர். என் வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு உள்ளே வந்து கையெழுத்துக் கேட்டார். நான் கண்ணாடிக் கதவு வழியாக இரண்டு வண்டிகளையும் பார்த்துக்கொண்டே நின்றேன். அவருடையது ஸ்டாண்டில் வாகாகச் சாய்ந்து நின்றது. என்னுடையது தண்டனை கொடுத்த பள்ளிப்பிள்ளை போல விறைப்பாக நின்றது.

வெளியே போய், அவர் சீட்டுக்கும் என் சீட்டுக்கும் நடுவில் கையை வைத்துப் பார்த்தேன். இரண்டு விரல் வித்தியாசம்.

"என்ன பாக்குறே?" என்றார் அவர்.

"உங்களுக்குக் கால் எட்டுதாக்கா?"

"எங்க எட்டுது? நிறுத்தும்போது சீட்டுல ஒரு பக்கமா நகந்துக்குவேன். ஒரு கால் ஊனினா போதாதா, ரெண்டு கால் எதுக்கு? நடக்கவா போறோம்?" என்றவர் என் வண்டியின் பின்பக்கம் குனிந்து பார்த்தார். "உன்னோடதை இறக்கியிருக்கே. ஏன் இறக்குனே? ஸ்டாண்டு அதே நீளத்துல இருக்கு. எங்கயாவது தட்டி விழப்போறே."

தட்டி விழுந்தாயிற்று. ஆனால் இறக்கியது நானில்லை.

அரைநாள் லீவு போட்டுவிட்டு ஷோரூமின் சர்வீஸ் பக்கம் போனேன். மெக்கானிக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் பூசி மெழுகினார். நான் சட்டைக் கையைச் சுருட்டித் தையலைக் காட்டினேன். அப்புறம் உண்மை வந்தது.

"சார்தான் போன் பண்ணி இறக்கச் சொன்னார் மேடம். பின்னால ஷாக் அப்சார்பரைப் பிடிக்கிற ரெண்டு இரும்புத் துண்டு இருக்கு, அதைக் கழட்டி நீளமானதா போட்டோம். அப்படிப் போட்டா முன்பக்கத்தையும் இறக்கணும், இல்லன்னா லைட்டு மேல பாத்து அடிக்கும். ஸ்டாண்டையும் வெட்டணும், இல்லன்னா சாயும்போது தரையில தட்டும். நான் சொன்னேன். அதெல்லாம் செஞ்சா மேடம் கண்டுபிடிச்சிருவாங்க, வேண்டாம்னுட்டார். தெரிஞ்சா உங்க மனசு கஷ்டப்படுமாம்."

"பழைய துண்டு எங்க?"

"சார் வாங்கிட்டுப் போயிட்டார்."

மருந்துக்கடைக்கு நான் எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று தெரியாது. இடது பக்கத் திருப்பங்களில் மட்டும் இறங்கித் தள்ளிக்கொண்டே போனது ஞாபகம் இருக்கிறது. கவுண்டரில் இருமல் மருந்துக்கு ஒருவர் காத்திருந்தார். காத்திருக்கட்டும்.

"என் வண்டியோட ரெண்டு இரும்பை எடுங்க" என்றேன்.

அவர் முகம் சுண்டிவிட்டது. இல்லையென்று சொல்லவில்லை, அந்த மட்டில் சரி. குனிந்து கடைசி இழுப்பறையிலிருந்து ஒரு மாத்திரைக் கவரை எடுத்து வைத்தார். உள்ளே இரண்டு துண்டுகளும் பஞ்சில் சுற்றிப் பத்திரமாக இருந்தன.

"உன் நல்லதுக்குத்தான் செஞ்சேன். கால் எட்டாம விழுந்துடுவியோன்னு..."

"டாக்டர் எழுதின மாத்திரைய மாத்தி, சொல்லாம இவருக்குக் கொடுப்பீங்களா?" என்று இருமல்காரரைக் காட்டினேன். அந்த மனிதர் கையிலிருந்த மருந்துச் சீட்டை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"அது வேற, இது வேற. விழுந்தது இதனாலன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாதுல்ல? தெரியாததுல ஏன் கை வச்சீங்க? தொடாதீங்கன்னு உங்க முன்னாலதானே சொன்னேன். மெக்கானிக் ஸ்டாண்டை வெட்டணும்னார். நான் கண்டுபிடிச்சிடுவேன்னு அதையும் வேண்டாம்னீங்க. என் கால் உடையறதைவிட உங்க குட்டு உடையறது உங்களுக்குப் பெரிசாப் போச்சு."

அவர் ஏதோ சொல்ல வந்தார். நான் இன்னும் பேசி முடிக்கவில்லை.

"எல்லாத்தையும் விடுங்க. நான் அழுதுகிட்டு உங்ககிட்ட சாரி கேட்டேன். நீங்க பரவாயில்லன்னீங்க. எப்படிங்க அந்த வார்த்தை வந்துச்சு? இறக்கின வண்டியில என்னை ஏத்திவிட்டுட்டு, நான் கேட்ட சாரியையும் வாங்கிப் பையில போட்டுக்கிட்டீங்க."

இருமல்காரர் இருமுவதற்குக்கூடத் துணியவில்லை. நான் கவரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். சண்டையில் ஜெயித்தது போலெல்லாம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாளே மெக்கானிக் பழைய துண்டுகளைப் பொருத்திக் கொடுத்துவிட்டார். ஏறினால் நுனிவிரல்தான் எட்டியது. கூரியர்காரம்மா சொன்னபடி சீட்டில் ஒரு பக்கமாக நகர்ந்து இடது காலை ஊன்றினேன். வண்டி அடங்கி நின்றது.

ஞாயிறு காலை அண்ணன் வீட்டுக்குக் கிளம்பினேன். நானும் வருகிறேன் என்றார் வீட்டுக்காரர். வாங்க, அண்ணன்கிட்ட நீங்கதான் சொல்லணும் என்றேன். அவர் ஸ்கூட்டரில் பின்னால் வந்தார்.

ரவுண்டானா வந்தது. தோளைத் தளர்த்தி, தூரத்தில் பார்த்து, இடது பக்கம் சாய்த்தேன். உரசவில்லை. இன்னும் கொஞ்சம் சாய்த்தேன். ஒரு சத்தமும் இல்லை. வண்டி நான் பார்த்த இடத்துக்குத் தானாகப் போனது. சந்தோஷம் வர வேண்டிய இடத்தில் எனக்குக் கோபம்தான் பொங்கிக்கொண்டு வந்தது. இத்தனை நாளும் இது எனக்கு வந்திருக்கும். என்னிடமிருந்து பிடுங்கிவிட்டு, வரவில்லை என்று என்னையே சொல்லவைத்துவிட்டார்கள்.

அண்ணன் வாசலில் சிவப்பு வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். வாங்குகிறவர் இன்னும் வரவில்லை. என் வீட்டுக்காரர் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"மச்சான், அவ தன் தப்பால விழல" என்றார். "நான்தான் வண்டிய இறக்கி வச்சேன். அவகிட்ட சொல்லல."

எல்லாவற்றையும் சொன்னார், ஸ்டாண்டு விஷயத்தையும் சேர்த்து. அண்ணன் துணியைத் தூக்கிப் போட்டான். "என்ன மாப்ள இப்படிப் பண்ணிட்டீங்க" என்றான். நான் விழுந்த செய்தி போனபோது, எப்படி விழுந்தாய் என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்காதவன் அவன். உள்ளே போய்ச் சாவியை எடுத்துவந்து என் கையில் வைத்தான்.

"எடுத்துக்கிட்டுப் போ. உனக்குத்தான்னு சொன்னேன்ல."

சாவியைப் பார்த்தேன். எத்தனை நாள் ஆசை. விரலை மடக்கினால் போதும்.

"இன்னைக்கு வேண்டாம்" என்று திருப்பிக் கொடுத்தேன். "சின்ன வண்டிய ஒழுங்கா ஓட்டிக் காட்டுனாத்தானே இது. இதுவரைக்கும் நான் ஓட்டினது உன் மாப்பிள்ளையோட வண்டி. எனக்கு இன்னைக்குத்தான் வண்டி வந்திருக்கு."

"அப்ப வர்றவர்கிட்ட என்ன சொல்றது?"

"வித்தாச்சுன்னு சொல்லு. வாங்கினவங்க கொஞ்சம் தாமதமா வந்து எடுத்துக்குவாங்க."

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஏறினேன். வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து நின்றார். என் பூட்ஸின் முனை தரையைத் தொட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தார். கால் எட்டுகிறதா என்று கேட்க வாயெடுத்து, நிறுத்திக்கொண்டார்.

"சாரி" என்றார்.

அவர் மனதாரத்தான் சொன்னார். எனக்குத் தெரிந்தது. நான் பரவாயில்லை என்று சொல்வதற்காகக் காத்துக்கொண்டு நின்றார்.

நான் சொல்லவில்லை. கிளட்சைப் பிடித்து, கியரைப் போட்டேன்.