பச்சைக் கேட், நாய் இருக்கு

செவ்வாய்க்கிழமை காலை ஆபீசுக்குப் போனதும் முதல் வேலையாக ஒரு ரோஸ் நிறக் கேட்டைப் பச்சையாக்கிவிட வேண்டும் என்று இருந்தேன். சரஸ்வதிபுரம் ஆறாவது மெயின் ரோடு வழியாக வண்டியில் வரும்போது பார்த்தேன், அந்த வீட்டுக் கேட்டுக்குப் பெயின்டர் பச்சை அடித்துக்கொண்டிருந்தார். அந்த வாசலுக்கு நேர் எதிரில் தரைக்கடியில் எங்கள் கம்பெனி கேஸ் லைனின் வால்வு ஒன்று இருக்கிறது. எங்காவது கேஸ் கசிந்தால் அவசர வண்டிக்காரர்கள் போனில் மேப்பைத் திறந்து அந்த வால்வைத் தேடி மூட வேண்டும். மேப்பில் அதைத் தொட்டால் ஒரு குறிப்பு வரும்: 'ரோஸ் கேட் எதிரில். நாய் இருக்கு.' எழுதியது நான். வீட்டு நம்பர் எழுதினால் போதாதா என்று கேட்கிறவர்கள் எங்கள் மைசூரில் இருட்டில் வீட்டு நம்பர் தேடிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அன்றைக்குத்தான் எங்களுக்குப் புது லாகின் வந்திருந்தது. இனி ஆளுக்கு ஒரு பெயர், ஒரு பாஸ்வேர்டு என்று பெங்களூர் ஹெட் ஆபீசிலிருந்து மெயில் போட்டிருந்தார்கள். உள்ளே நுழைந்ததும் திரையில் 'மோகனப்ரியா' என்று என் பெயர் வந்தது. சின்ன விஷயம்தான், ஆனால் அதைப் பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு ரோஸ் கேட் வால்வைத் தொட்டேன். குறிப்பு வந்தது. மேல் ஓரத்தில் எப்போதும் இருக்கும் பென்சில் மட்டும் வரவில்லை. அந்தப் பென்சிலைத் தொட்டால்தான் எதையும் மாற்றவோ புதிதாகக் கோடு போடவோ முடியும். வெளியே வந்து மறுபடி உள்ளே போனேன், கம்ப்யூட்டரையே அணைத்துப் போட்டேன். பென்சில் இல்லை. பக்கத்து மேஜையில் காவேரி அக்கா திரையில் ஜம்மென்று இருந்தது.

இதற்குக் காரணம் எங்கள் பழக்கம். மேப் அறையில் நாங்கள் இரண்டே பேர். நான் சேர்ந்தபோது வரைவதற்கு ஒரே ஒரு எடிட்டர் லைசென்ஸ், அதுவும் எனக்கு முன்னால் சேர்ந்த காவேரி அக்கா பெயரில். "ஒரு வருஷம் காவேரி லாகின்லயே உக்காந்துக்கோம்மா, அடுத்த வருஷம் உனக்குத் தனியா வாங்கிடலாம்" என்றார் மேனேஜர் கணேஷ்குமார் சார். அந்த அடுத்த வருஷம் ஒவ்வொரு வருஷமும் அடுத்த வருஷமாகவே இருந்தது. எங்களுக்கும் அது ஒரு குறையாகத் தெரியவில்லை. பாஸ்வேர்டு முதலில் அக்காவின் ஊரான கௌதள்ளி. போன வருஷம் அவளுக்குப் பெண் பிறந்தபோது, பெயர் வைத்த அன்றே எனக்குப் போன் செய்து பாஸ்வேர்டைக் குழந்தை பெயருக்கு மாற்றச் சொன்னாள். அவள் பிரசவ லீவில் இருந்த மாதங்களில் ஜெயலட்சுமிபுரம் முழுவதையும் தனியாளாகப் போட்டேன், ஒவ்வொரு குழாயும் காவேரி என்ற பெயரில்தான் பதிவானது.

கணேஷ்குமார் சார் என் மேஜைக்கு வந்து, குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார். "உனக்கு வ்யூவர் லைசென்ஸ்தான் வந்திருக்கும்மா. இது வரைக்கும் யார் யார் கோடு போட்டிருக்காங்கன்னு கம்ப்யூட்டர்ல பார்த்துட்டு, போட்டவங்களுக்கு மட்டும் எடிட்டர் குடுத்திருக்காங்க. எடிட்டர் வெல ஜாஸ்தி, இல்லியா? உன் பேர்ல ஒரு கோடுகூட இல்ல."

"நான் போட்டதெல்லாம் எங்க சார் போச்சு?"

"அது எனக்குத் தெரியும். அவங்களுக்குச் சொல்ல முடியாதும்மா. லாகின ஷேர் பண்ணக் கூடாதுன்னு அக்ரிமென்ட்லயே இருக்கு."

வ்யூவர் என்றால் பார்க்கலாம், தொடக் கூடாது. தசரா கண்காட்சியில் கயிறு கட்டி நிறுத்திவைப்பார்களே, அது போல. அதோடு விட்டால்கூடப் பரவாயில்லை. மேப் போடாதவருக்கு மேப் அறையில் என்ன வேலை, ஒன்றாம் தேதியிலிருந்து மைசூர் ஹெப்பால் பக்கம் கம்ப்ளெயின்ட் செக்‌ஷனுக்கு அனுப்புங்கள் என்றும் சொல்லியிருந்தார்களாம். போனை எடுத்து எடுத்து 'நமஸ்காரா, ஹேளி', அதாவது வணக்கம் சொல்லுங்க, என்று கன்னடத்தில் சொல்லும் வேலை. அதைக் கேவலமாகச் சொல்லவில்லை, யாராவது செய்யத்தான் வேண்டும். ஆனால் எனக்குக் கோடு போடுவதுதான் பிடிக்கும். வெறும் தெருவாக இருந்த இடத்தில் ஒரு குழாய் திரும்பி, பிரிந்து, ஒரு வீட்டு அடுப்பு வரைக்கும் போவதை வரைந்து முடிக்கும்போது இருக்கிற நிறைவு எனக்கு வேறு எதிலும் கிடைத்ததில்லை.

மதியம் சாப்பிடும்போது காவேரி அக்கா அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. அவரைப் பருப்புச் சாறு, எங்கள் ஊர்க் குழம்பு, கொண்டுவந்திருந்தாள், வழக்கம்போல் பாதியை என் தட்டில் ஊற்றினாள். டிசம்பர் மாதத்து அவரை, ஊரே மணக்கும், எனக்கு இறங்கவில்லை. எடிட்டர் இவள் ஒருத்திதான் என்றால் இவளில்லாமல் ஆபீஸ் நடக்காது, சம்பளம் ஏறும், இவள் எதற்கு வாயைத் திறக்கப் போகிறாள் என்று மனசுக்குள் திட்டினேன். நன்றாகவே திட்டினேன். சாறையும் சேர்த்துத் திட்டினேன்.

மூன்று மணிக்கு ஹெட் ஆபீஸ் அஷ்வினி மேடம் வீடியோவில் வந்தார். கம்பெனியின் லைசென்ஸ் எல்லாம் அவர் கையில். பெங்களூர்த் தமிழர், இங்கிலீஷில் ஆரம்பித்து எங்களைப் பார்த்ததும் தமிழுக்கு வந்துவிட்டார். நாங்கள் மூன்று பேரும் ஒரே திரைக்கு முன்னால் நெருக்கி உட்கார்ந்திருந்தோம்.

"காவேரி, நிஜமாவே சூப்பர். மெட்டர்னிட்டி லீவ்லகூட வேலை செஞ்சிருக்கீங்க. ஜெயலட்சுமிபுரம் ஃபுல்லா அந்த டைம்ல போட்டதுதான். டெலிவரி அன்னிக்குக்கூட லைன் போட்டிருக்கீங்க! நான் எல்லா ஆபீஸ்லயும் உங்களத்தான் சொல்லிட்டிருக்கேன்."

கணேஷ்குமார் சார் மேடத்துக்குத் தெரியாத மாதிரி அக்காவைப் பார்த்துத் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார், வேண்டாம் என்பதாக. நான் என் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காவேரி அக்கா தொண்டையைச் சரிசெய்துகொண்டாள்.

"மேடம், அன்னிக்கு நான் செலுவாம்பா ஆஸ்பத்திரில வலியில கத்திட்டுக் கெடந்தனுங்க. லைன் போட்டது நானில்லீங்க. இவ, மோகனப்ரியா. என் பேர்ல உக்காந்து இவதான் போட்டா. பாஸ்வேர்டக் குடுத்தது நான். தப்புன்னு தெரியுமுங்க. லைசென்ஸ் ஒண்ணு, ஆளு ரெண்டு, என்ன பண்றதுங்க?"

பிறகு, நான் எதிர்பார்க்கவே இல்லை, கணேஷ்குமார் சார் கையைத் தூக்கினார், பள்ளிக்கூடப் பையன் போல. "நான்தான் மேடம் அப்படிச் செய்யச் சொன்னேன்" என்றார்.

அஷ்வினி மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார். "சரி. எது யார் போட்டதுன்னு எப்படித் தெரியும்?"

"அது சுலபமுங்க" என்றாள் அக்கா. "குறிப்பு இருந்தா இவளுது. நானெல்லாம் வால்வு நம்பரப் போட்டுட்டுப் போயிருவேன். இவதான் கதையாட்டம் எழுதுவா."

மேடம் என்னைப் பார்த்தார். "'எளநீர் வண்டிக்கு அடியில, அண்ணனக் கேட்டாத் தள்ளிக்குவாரு.' அது நீங்களா?"

"ஆமா மேடம்."

"'ரோஸ் கேட், நாய் இருக்கு'?"

"அதுவும் நான்தான் மேடம். ஆனா இப்ப கேட்டுக்குப் பச்ச அடிச்சிட்டாங்க. மாத்தலாம்னு பார்த்தா பென்சில் இல்ல."

அவர் சிரித்துவிட்டார். அவசர வண்டிக்காரர்கள் மீட்டிங்கில் அந்தக் குறிப்புகளைத் திரையில் போட்டுக் காட்டினார்களாம், 'காவேரி நோட்ஸ்' என்று அவற்றுக்குப் பெயரே வைத்திருக்கிறார்களாம், மற்ற ஊர்களிலும் அதே மாதிரி எழுதச் சொல்லிக் கேட்கிறார்களாம். அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. துக்கத்தில் இல்லை. என்றாலும் மூக்கைச் சிந்திக்கொண்டு வீடியோவில் உட்கார்ந்திருப்பது அவ்வளவு அழகாக இருந்திருக்காது.

லாகினைப் பகிர்ந்ததற்கு மூன்று பேரும் விளக்கம் எழுதித் தர வேண்டும் என்றார் மேடம். ஹாசன் ஆபீசில் ஒருவர் வேலையை விட்டுப் போனதால் அவருடைய எடிட்டர் லைசென்ஸ் சும்மா கிடக்கிறது, அதை மார்ச் வரைக்கும் எனக்கு மாற்றித் தருவதாகவும், அதுவரை ஹெப்பால் போக வேண்டியதில்லை என்றும் சொன்னார். "மார்ச்சுக்கு அப்புறம் நான் பேசறேன். ப்ராமிஸ் பண்ண மாட்டேன்." பழையதெல்லாம் காவேரி பெயரிலேயே இருக்கும், அதை மாற்ற முடியாது என்றார். இருக்கட்டும் என்றேன்.

"மத்தியானமே சொல்லியிருந்தா ஒழுங்காச் சாப்பிட்டிருப்பேன்ல அக்கா" என்று வெளியே வந்ததும் கேட்டேன்.

"சொல்லுவனா மாட்டனான்னு எனக்கே தெரியல புள்ள. எனக்கும் பயந்தான்" என்றாள். டப்பாவின் அடியில் மிச்சமிருந்த சாறை, ஆறிப்போனதை, ஆளுக்கு ஒரு வாயாகக் குடித்தோம்.

பென்சில் உடனே வந்துவிடவில்லை. ஹாசனிலிருந்து மைசூருக்கு ஒரு ஆள் நடந்து வந்தால்கூட அதற்குள் வந்திருப்பார். தினமும் காலையில் அந்தப் பச்சைக் கேட்டைத் தாண்டி வருவேன், ஆபீசில் மேப்பில் அது ரோஸாகவே இருக்கும். அக்காவைக் கேட்டால் ஒரு நிமிஷத்தில் மாற்றிவிடுவாள், ஆனால் அதை என் பெயரில் நானே மாற்ற வேண்டும் என்று ஒரு பிடிவாதம். அவசர வண்டி இந்த வாரம் ஆறாவது மெயினுக்குப் போகாமலிருக்க வேண்டும் என்று சாமுண்டியை வேண்டிக்கொண்டேன். ஒருநாள் அந்த நாய் கேட்டில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தது. எழுந்து சோம்பல் முறித்தபோது பார்த்தால் அதன் முதுகில் ஒரு முழ நீளத்துக்குப் பச்சைப் பட்டை.

அடுத்த வியாழக்கிழமை மாலை, கிளம்புகிற நேரத்தில், பென்சில் வந்தது. பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தேன். வால்வைத் தொட்டு, பழைய குறிப்பை அழித்துவிட்டு எழுதினேன்: 'பச்சைக் கேட் எதிரில். நாய் இருக்கு, முதுகிலும் பச்சை. கடிக்காது.' சேமித்ததும் கீழே பொடி எழுத்தில் இரண்டு வரிகள் வந்தன. உருவாக்கியவர் காவேரி. கடைசியாகத் திருத்தியவர் மோகனப்ரியா.

காவேரி அக்கா ஹெல்மெட்டோடு என் நாற்காலிக்குப் பின்னால் வந்து குனிந்து படித்தாள். எங்கள் இரண்டு பெயர்களையும் இரண்டு தடவை படித்தாள். பிறகு குறிப்பைப் படித்தாள்.

"நாய் முதுகுப் பெயின்டையெல்லாமா எழுதுவ? ஒரு மழை பேஞ்சா அழிஞ்சு போயிருமே புள்ள."

"அழிஞ்சா மாத்திக்கறேன்க்கா" என்றேன்.

ஜன்னலுக்கு வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. கம்ப்யூட்டரை அணைக்கப் போனவள் இன்னும் கொஞ்ச நேரம் அணைக்காமல் உட்கார்ந்திருந்தேன், திரையின் மேல் ஓரத்தில் பென்சில் சின்னதாக இருந்தது.