இரவல் போகும் குதிரை

வாசலில் கார் வந்து நின்றதும் க்ளெனிஸ் கண்ணைத் திறந்தாள். விடிந்ததிலிருந்து எம்லின் ஈரப்பஞ்சால் அவள் உதட்டை நனைத்துக்கொண்டிருந்தார். பேர் சொல்லிக் கூப்பிட்டும் பார்த்துவிட்டார். அதற்கெல்லாம் திறக்காத கண்.

"வந்துட்டாங்களா?"

"யாரு?"

"டான்ஸியப் பார்க்க."

எம்லினுக்கு வயிறு எரிந்தது. நாற்பத்தோரு வருஷம் கூட வாழ்ந்தவன் கூப்பிட்டால் திறக்காத கண், ஒரு குதிரைக்குத் திறக்கிறது. கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பிப் போடச் சொன்னபோதே அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். மலையைப் பார்க்க ஆசைப்படுகிறாள் என்று நினைத்து, முட்டியில் இடித்துக்கொண்டு தன் கையாலேயே திருப்பிப் போட்டார். ஜன்னலுக்கு வெளியே மலையும் இருந்தது. அதற்கு முன்னால் வேலி போட்ட மேய்ச்சல் கட்டும், அதில் அந்தப் பழுப்புப் பெட்டைக் குதிரையும் இருந்தன.

பதினாறு வருஷமாக இதே கதைதான். காலை ஆறு மணிக்குப் பக்கத்துத் தலையணை காலியாகிவிடும். மழையோ பனியோ, அவள் குதிரைமேல். கோபத்தில் அவரும் வீட்டில் இருப்பதில்லை. கட்டின் கோடியில் உள்ள கல் சுவருக்குப் பின்னால் தன் லீக் பாத்திக்குப் போய், திருவிழாப் போட்டிக்கு வளர்க்கும் அந்தப் பருத்த வெங்காயத்தாள்களோடு குனிந்துகொண்டிருப்பார். காலை உணவுக்குத்தான் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள்.

இப்போது போகிற நேரத்திலும் குதிரைக் கவலைதான். விற்கக் கூடாதாம். நல்ல கையாகப் பார்த்து இரவலுக்குக் கொடுக்க வேண்டுமாம். தீனியும் சவாரியும் அவர்களுடையது, குதிரை நம்முடையது. படுக்கையில் இருந்தபடியே போன் பேசி, இன்றைக்கு வரச் சொன்னவளும் அவளேதான்.

"இன்னைக்கு வேணாம்னு சொல்லி அனுப்பிடறேன்."

"எம்லின்," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அவர் எழுந்து போனார்.

வந்தவர்கள் இரண்டு பேர். நோரீன், தபாலாபீஸில் வேலை பார்க்கிறவள், ஐம்பது வயதிருக்கும். எட்டு மாதமாகத்தான் சவாரி கற்றுக்கொள்கிறாள். புது ஹெல்மெட்டைக் கைக்குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டிருந்தாள். கூட வந்தவள் அவளுக்குக் கற்றுக்கொடுக்கும் பெத்தன். அவள் மணிக்கட்டில் மாவுக்கட்டு.

"அவங்களுக்கு உடம்பு ரொம்ப முடியலைன்னு தெரியும் மிஸ்டர் பிரைஸ்," என்றாள் நோரீன். "நாங்க இன்னொரு நாள்..."

"இன்னொரு நாள் இல்ல," என்றார் எம்லின்.

பெத்தன் குதிரையின் காலைத் தூக்கிப் பார்த்தாள், பல்லைப் பார்த்தாள், சேணம் பூட்டினாள். பிறகு கேட்டாள்: "உங்க பக்கத்துல யாரு ஏறிக் காட்டப் போறது?"

"என்ன காட்டறது?"

"வீட்டு ஆள் ஒருத்தர் முதல்ல ஏறணும் இல்ல? அதப் பார்க்காம புதுசா கத்துக்கறவங்கள நான் ஏத்த மாட்டேன். யாரா இருந்தாலும் அதான் முறை. நானே ஏறலாம்னா கை இப்படி."

எம்லின் உள்ளே வந்து சொன்னார். இதோடு இந்தக் கூத்து முடிந்தது என்று அவருக்கு ஒரு நிம்மதி. நர்ஸ் ஓல்வென் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

"நீ ஏறேன்," என்றாள் க்ளெனிஸ்.

"நானா? உனக்குப் பைத்தியமா?"

"பார்க்கணும்."

"பதினாறு வருஷமா ஏறாதவன் இப்ப ஏறுவேனா?"

"பயமா கிழவா?"

அந்தக் குரலில் இத்தனை நாள் இல்லாத கேலி இருந்தது. அவர் கட்டிலருகே ஒரு அடி வந்தார். உடனே, அவள் கண் தன்னைத் தாண்டி ஜன்னலுக்குப் போனதைப் பார்த்ததும் மறுபடி எரிச்சல் வந்தது.

"ஓல்வென், ஜன்னலத் திற. குளம்புச் சத்தம் கேக்கட்டும்," என்றாள் க்ளெனிஸ்.

"இப்ப வேணாம் கண்ணு," என்று ஓல்வென் சட்டென்று சொன்னாள். அந்த ஊர்ப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும், உயிர் போனதும்தான் நோயாளி அறையின் ஜன்னலை அகலத் திறந்துவைப்பார்கள், போகிறவர் தடையில்லாமல் போக. ஓல்வென் எம்லினைக் கதவருகே தள்ளிக்கொண்டு வந்தாள். "மத்தியானம் தாண்டாது. போறதுன்னா சீக்கிரம் போயிட்டு வாங்க."

அவருக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது. அந்தக் கடைசி மூச்சின்போது அவள் கை தன் கையில் இருக்க வேண்டும். இத்தனை வருஷம் குதிரைக்குக் கொடுத்தது போகட்டும், அந்த ஒரு நிமிஷம் தன்னுடையது. அதை விட்டுவிட்டு எப்படிப் போவது? ஜன்னல் வழியாகப் பார்த்தார். நோரீன் டான்ஸியின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். குதிரை வெட்கமில்லாமல் தலையைச் சாய்த்துக் கொடுத்தது. க்ளெனிஸ் உட்கார்ந்த இடத்தில் தனக்கு முன்னால் இந்தத் தபாலாபீஸ்காரி உட்காருவதா?

"ஒரு சுத்து," என்றார். "ஒரே சுத்து. அதுக்குள்ள எங்கயும் போயிடாதே."

"எங்க போறேன்," என்றாள் க்ளெனிஸ். "காலர் கிழிஞ்ச அந்தச் சட்டைய இன்னும் தூக்கிப் போடலையா நீ?"

அவர் அப்போது போட்டிருந்தது நல்ல சட்டைதான். அந்தக் கிழிந்த சட்டை தோட்டக் கொட்டகையில் ஆணியில் தொங்கியது. பாத்தி வேலைக்கு அங்கேயே மாட்டி, அங்கேயே கழற்றுவது. அவள் அந்தப் பக்கம் வந்ததே கிடையாது. ஆனாலும் வருஷக்கணக்காகக் காலை உணவின்போது இதையேதான் கேட்பாள். உனக்கெப்படித் தெரியும் என்றால், தெரியும் என்பாள். அவரும் அதற்குமேல் கேட்டதில்லை.

மரப்படியில் நின்று, இரண்டு பெண்களும் தாங்க, ஒரு வழியாக ஏறி உட்கார்ந்தார். கால், சேணத்திலிருந்து தொங்கும் அங்கவடி வளையத்துக்கு எட்டவில்லை. க்ளெனிஸ் அவரைவிட இரண்டு அங்குலம் உயரம்.

"வாரை ரெண்டு துளை ஏத்திக் கட்டிடறேன்," என்றாள் பெத்தன்.

"தொடாதே."

"விழுந்துடுவீங்க."

"விழுந்தா விழறேன். அது அவ அளவு."

பெத்தன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். டான்ஸி மெதுவாகத்தான் நடந்தது. ஆனாலும் எம்லின் இரண்டு கையாலும் பிடரி மயிரைப் பிடித்துக்கொண்டார். ஜன்னலைக் கடந்தபோது ஓல்வென் கையசைத்தாள். தலையணையில் வெள்ளை முடி தெரிந்தது. பார்த்துக்கோ, நல்லாப் பார்த்துக்கோ, இப்பவாவது ரெண்டு பேரையும் சேர்த்துப் பார் என்று மனசுக்குள் திட்டினார்.

கட்டின் கோடிக்கு வந்ததும் டான்ஸி கல் சுவரோரம் ஒதுங்கி நின்றுவிட்டது. பெத்தன் கயிற்றை இழுத்தாள். அசையவில்லை.

"இங்க எப்பவும் நிக்குமா?"

"நிக்கும்," என்றார் எம்லின். பதினாறு வருஷமாகத் தினமும் காலையில் சுவருக்கு அந்தப் பக்கம் குளம்புச் சத்தம் வந்து நிற்பதைக் கேட்டிருக்கிறார். நின்று, கொஞ்ச நேரம் கழித்துப் போகும். குதிரை மூத்திரம் பெய்ய நிற்கிறது என்று நினைத்திருந்தார். வீம்புக்கு ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

இப்போது அது ஒன்றும் பெய்யவில்லை. சும்மா நின்றது. தரையில் நின்றால் தலைக்குமேல் இருக்கும் சுவர், சேணத்தில் இருந்தால் மார்பளவுதான். அந்தப் பக்கம் அவருடைய லீக் பாத்தி தெரிந்தது. நாலு வரிசை, மண்வெட்டி, அவர் மண்டிபோடும் சாக்கு. அங்கே குனிந்திருப்பவனின் முதுகும் பின்கழுத்தும்தான் இங்கிருந்து தெரியும். சட்டையின் காலர் தெரியும்.

"அடிப் பாவி," என்றார் எம்லின்.

"என்னங்க?" என்றாள் பெத்தன்.

அவர் வீட்டுப் பக்கம் திரும்பினார். அந்தக் குளிரில் ஓல்வென் ஜன்னலின் இரண்டு கதவையும் அகலத் திறந்துகொண்டிருந்தாள்.

இறங்கத் தெரியவில்லை அவருக்கு. நோரீன் வேலியருகிலிருந்து ஓடி வந்து இடுப்பைப் பிடித்து இறக்கினாள். சரிந்து இறங்கும்போது ஒரு பூட்ஸ் அங்கவடியில் மாட்டிக்கொண்டது. அதை அப்படியே விட்டுவிட்டு, ஒரு காலில் காலுறையோடு ஈரப்புல்லில் ஓடினார்.

அடக்கம் முடிந்து நாலாம் நாள் நோரீன் தயங்கித் தயங்கி வந்தாள். சொன்ன சொல் சொன்னதுதான் என்று எம்லின் குதிரையைக் கொடுத்தார். இங்கேயே கட்டி வைத்துக்கொள்ளலாம், தினமும் காலையில் வந்து ஓட்டலாம் என்றார். அங்கவடி வார்களை மட்டும் தரவில்லை. கழற்றி உள்ளே கொண்டுபோய்க் கட்டிலின் கால்மாட்டில் மாட்டியிருந்தார். அவள் புதிது வாங்கிக்கொண்டாள்.

"வேற ஏதாச்சும் நான் தெரிஞ்சுக்கணுமா?"

"அந்தச் சுவர்கிட்ட நிக்கும். விரட்டாதீங்க. அதுவா கிளம்பற வரைக்கும் விட்டுடுங்க."

"அங்க என்ன இருக்கு?"

"வெங்காயத்தாள்," என்றார் எம்லின்.

மறுநாள் காலை ஆறு மணிக்குக் கொட்டகையில் ஆணியிலிருந்த சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு பாத்திக்குப் போனார். மூன்றாவது வரிசையில் மண் அணைத்துக்கொண்டிருந்தபோது சுவருக்கு அந்தப் பக்கம் குளம்புச் சத்தம் வந்தது. நின்றது. எம்லின் திரும்பவில்லை. மண் கையாலேயே பின்கழுத்தில் காலரைச் சரிசெய்துகொண்டு, சத்தம் மறுபடி கிளம்பும்வரை குனிந்தே இருந்தார்.